கடல் தமிழர்க்கு, பெயர் பிறர்க்கோ?

நாவுக்குத் தமிழில் இரு தொழில் உண்டு. சுவைப்பதும் நாவே, சொல்வதும் நாவே. இவ்விரு தொழிலையும் ஓருறுப்பின்மேல் ஏற்றிய இயற்கை, அதனுள் ஓர் உண்மையையும் பொதிந்து வைத்தது போலும்! தன் உணவைத் தன் சொல்லால் சொல்லும் இனம், எந்நாட்டிற்குச் சென்றாலும் விருந்தளிக்கும் இனமாக மதிக்கப்பெறும். தன் உணவைப் பிறர் சொல்லால் சொல்லப் பழகிய இனமோ, தன் கடற்கரையிலேயே பிறர்க்குக் கூலிசெய்யும் இனமாகத் தேய்ந்துபோகும். இதனைத் தெளிய விரும்புவார் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். ஒன்று, இலண்டன் மாநகரத்துச் சப்பானிய உணவகம். மற்றொன்று, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பு வெளுத்துக் கிடக்கும் சாகுபுரத்துக் கரை.

2014-ஆம் ஆண்டில் அராக்கி மிட்சுகிரோ என்னும் சப்பானியச் சமையல் வல்லுநர், தோக்கியோவின் கின்சாப் பகுதியில் தாம் நடத்திவந்த புகழ்வாய்ந்த உணவகத்தை மூடிவிட்டு இலண்டனின் மேபேர்ப் பகுதிக்கு வந்தார். அங்கு அவர் திறந்த உணவகத்தில் ஒரே நேரத்தில் அமரத்தக்கவர் ஏறத்தாழ ஒன்பதின்மரே. ஒருவேளை உணவுக்கு 300 பவுன் என்னும் அளவில் விலை. அவ்விலையைக் கொடுத்து, முறைக்குக் காத்திருந்து உண்டனர் இலண்டன் செல்வர். 2017 அக்தோபரில் வெளிவந்த மிசெலின் வழிகாட்டி நூல் அவ்வுணவகத்திற்கு மூன்று விண்மீன்களை வழங்கியது. மேலைநாட்டார் ஓர் உணவகத்திற்கு வழங்கும் தலையாய மதிப்பு அதுவேயாகும். 2019-இல் அராக்கி இலண்டனை விட்டுச் சென்றார். ஆயினும் அவர் நாட்டிய நெறி அங்கு நிலைத்தது.

ஈண்டுக் கருதத்தக்கது விலையுமன்று, விண்மீனுமன்று. அவ்வுணவகத்துப் பலகையின்மேல் வைக்கப்பெற்ற மீன்களிற் பெரும்பாலன சப்பானியக் கடலில் பிடிக்கப்பட்டவை அல்ல. ஐரோப்பியக் கடல்களில் பிடிக்கப்பட்டவை. உண்டவர் ஆங்கிலேயர். நகரம் ஆங்கிலேயருடையது. ஆனால் அம்மீனை அறுத்த முறைக்கும், காடியிலும் அவரைச்சாற்றிலும் ஊறவைத்த முறைக்கும், சோற்றோடு சேர்த்துப் பிடித்த முறைக்கும் பெயர் சப்பானியப் பெயர்! 'எதோமயே' என்பது அம்முறையின் பெயர். எதோ என்பது தோக்கியோ நகரின் பழம்பெயர். மயே என்றால் முன்புறம். எதோ நகரின் முன்கடலில் பிடித்த மீனைப் பக்குவப்படுத்தும் முறை என்பதே அதன் பொருள். 1868-இல் அந்நகரின் பெயர் தோக்கியோ என மாறிவிட்டது. அரசாவணையில் மாறிய பெயர் அடுக்களையில் மாறவில்லை! ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின்னும், பன்னாயிரங் கல்லுக்கு அப்பாலும், வேற்றுக் கடலின் மீனுக்குமேல் ஒரு பழைய மீனவர் கரையின் பெயர் கொடிபோல் பறக்கிறது!

ஆங்கே வந்தமர்ந்த ஆங்கிலேயர், "எங்கள் மொழியில் சொல்லுங்கள்" எனக் கேட்டாரல்லர். சுசி என்றும் சசிமி என்றும் தாமே நாவைத் திருத்திக்கொண்டனர். உண்பார் ஏதும் தெரிவு செய்யாமல் சமைப்பாரிடமே விட்டுவிடும் வழக்கத்திற்கு 'ஒமக்காசே' என்று பெயர். உம் பொறுப்பில் விடுகிறேன் என்பது அதன் கருத்து. இன்று இலண்டனிலும் பாரிசிலும் தூசல்தோர்பிலும் உயர்தர உணவகத்தார் அச்சொல்லை மொழிபெயர்க்காமலே எழுதிவைக்கின்றனர். பலகையின்முன் நிற்கும் சமையலாளர்க்கு 'இத்தாமயே' என்று பெயர். பலகைமுன் நிற்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். எத்துணை எளிய சொல்! எத்துணைப் பெருமிதமான சொல்! ஒருவர் நிற்கும் இடத்தையே பெயராக்கி, அப்பெயரையே பட்டமாகவும் ஆக்கிக்கொண்டனர்.

தமிழிலோ, சமைப்பவர்க்குரிய பழம்பெயர்களுள் ஒன்று மடையன் என்பது. மடை என்றால் சமைத்த உணவு. சமையல் முறை கூறும் நூல் மடைநூல் எனப்பட்டது. இன்று மடையன் என்னும் சொல் யாங்ஙனம் வழங்குகின்றது? அறிவிலியைத் திட்டும் வசையாக மட்டுமே வழங்குகின்றது! அடுதொழிலாளர்க்குரிய பெயரை வசைக்கு விட்டுவிட்டு, 'செஃப்' என்னும் பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலத்தின்வழி இரவல் வாங்கி மார்பில் குத்திக்கொள்கின்றனர் தமிழ்நாட்டுச் சமையல் வல்லுநர்.

அஃது ஒரு சொல்லைப் பற்றிய செய்தியன்றோ எனக் கேட்பார் இருப்பர். அன்று, ஒரு பொருளையே காட்டலாம். அப்பொருள் சூரைமீன்.

வெப்பக் கடல்களில் திரியும் வரிச்சூரை மீனைச் சப்பானியர் பிடித்து, வேகவைத்து, பன்முறை புகையூட்டி, வெயிலில் உலர்த்தி, பூஞ்சை ஏற்றி, மரக்கட்டைபோல் இறுகச் செய்வர். அதனைச் சீவுளியால் மென்தாளாகச் சீவிக் கொதிநீரிலிட்டுச் சாறு எடுப்பர். அதற்குக் 'கத்சுவோபுசி' என்று பெயர். சப்பானியச் சமையலின் அடித்தளமே அச்சாறுதான். அதே சூரையைப் பிடித்து, அறுத்து, உப்புநீரில் வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாக உலர்த்துவதே மாசி. மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் பெருக ஆக்கப்பெறுவது அது. தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சென்றுவந்த கடல்வழியில் பழகிய சரக்கு அது. காயல்பட்டினத்து இல்லங்களிலும் ஈழத்து அடுக்களைகளிலும் அதனை இடித்துச் சம்பலாக்கி உண்பர். மாசி என்னும் பெயர்கூட, மாலத்தீவார் மொழியில் மீனைக் குறிக்கும் 'மசு' என்னும் சொல்வழி வந்ததே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. வந்த சொல்லைத் தமிழ்வாய் தன் ஒலிக்கு வளைத்துக்கொண்டது, அவ்வளவே.

மீன் ஒன்று, செய்முறை ஏறத்தாழ ஒன்று, வெயில் ஒன்று. முடிவு மட்டும் ஏன் இரண்டாயிற்று? கத்சுவோபுசி பாரிசு மாநகரத்து உயர்ந்தோர் உணவகத்தில் பெயர்சொல்லிப் பரிமாறப்படுகிறது. மாசியோ, கருவாட்டுக்கடை மூலையில் கிடக்கிறது. படித்த தமிழர் வீட்டில் அதன் மணத்திற்கே மூக்கைப் பொத்துகின்றனர். அதே படித்த தமிழர் ஐரோப்பாவிற்குச் சென்று கத்சுவோபுசியின் சாற்றை ஒரு மிடறு குடித்துவிட்டு, அதன் சுவையை வியந்து உறவினர்க்குச் சொல்கின்றனர்! வியப்பு சுவையினால் வந்ததா? பெயரினால் வந்ததா?

பெயரின் ஆற்றலை அறிய விரும்புவார் 1908-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பார்ப்பாராக. தோக்கியோ அரசப் பல்கலைக்கழகத்து வேதியியற் பேராசிரியர் இக்கேடா கிக்குனாயே, கடற்பாசிச் சாற்றிலுள்ள தனிச்சுவை ஒன்றின் கூற்றைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு எனும் நான்கே சுவையென மேலை அறிவியல் கருதியிருந்த காலம் அது. இக்கேடா செருமனி நாட்டு இலைப்சிக்கு நகரில் பயின்றவர். மேலை மொழியறிவு உடையவர். ஆயினும், தாம் கண்ட சுவைக்கு இலத்தீனிலோ செருமானியத்திலோ பெயர் தேடினாரல்லர். வீட்டில் வழங்கும் சொல்லைக்கொண்டே 'உமாமி' எனப் பெயரிட்டார். 1913-இல் அவர்தம் மாணாக்கர் கொடாமா சிந்தாரோ, கத்சுவோபுசியிலும் அச்சுவைக்குரிய வேறொரு கூற்றைக் கண்டார். மேலையுலகம் நெடுங்காலம் ஐயுற்றது. 2000-ஆம் ஆண்டையொட்டி, அச்சுவையை உணரும் ஏற்பிகள் நாவில் உண்டென ஆய்வாளர் கண்டறிந்தனர். இன்று உலகத்து அறிவியல் நூலெல்லாம் ஐந்தாம் சுவையை உமாமி என்றே எழுதுகின்றன. 2013 திசம்பரில், 'வசோக்கு' என்னும் சப்பானிய மரபுணவு யூனெசுகோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அப்பெயராலேயே ஏறியது.

தமிழில் சுவை ஆறு. மேலையார் நான்கெனக் கொண்டிருந்தபோதே, துவர்ப்புக்கும் கார்ப்புக்கும் தனிப்பெயர் வைத்து அவற்றையும் சுவையென எண்ணிய மொழி இது. அத்தகைய மொழியை உடையார், இன்று தம் பிள்ளைகளுக்குத் துவர்ப்பு எது, உவர்ப்பு எது என்று சொல்லத் தடுமாறுகின்றனர். உவர்ப்பென்னும் சொல் பிறந்த கரையிலேயே இத்தடுமாற்றம் நிகழ்கின்றது என்பதுதான் கொடுமை!

அக்கரையைச் சற்று உற்று நோக்குக. தூத்துக்குடியினின்று திருச்செந்தூர் செல்லும் வழியில், ஆறுமுகனேரிக்கும் காயல்பட்டினத்திற்கும் அருகே உள்ளது சாகுபுரம். சுற்றிலும் உப்பளங்கள். கடலுப்பினின்று எரிகாரம் ஆக்கும் பேராலை அங்கு எழுந்தது. ஆலையோடு குடியிருப்பு எழுந்தது. குடியிருப்புக்கு ஒரு பெயர் வேண்டியதாயிற்று. அப்பெயர் கொற்கையினின்று வரவில்லை, காயலினின்று வரவில்லை, பொருநையினின்று வரவில்லை, உப்பு விளைத்த அளவரிடமிருந்தும் உப்பு விற்ற உமணரிடமிருந்தும் வரவில்லை. சாகு என்னும் வடநாட்டுத் தொழிற்குடும்பத்தின் பெயரினின்று வந்தது! ஆலை பலர்க்கு வேலை தந்தது, அதனை மறுப்பாரில்லை. ஆனால், பாண்டியரின் கடல்துறையாகிய கொற்கை பொருநைக்கு அப்பால் கூப்பிடு தொலைவில் கிடக்க, சங்கச் சான்றோர் பாடிய முத்துக்கரையில் ஒரு புதிய ஊர்க்கு ஒரு தமிழ்ப்பெயர் கிடைக்காமற் போயிற்றா? கிடைத்திருக்கும், கேட்பாரில்லை. சாகுபுரத்தார் மேல் குற்றமில்லை. பெயரிடும் உரிமையைத் தமக்குரியதென எண்ணாத தமிழரின் பொதுநோய்க்கு அப்பெயர் ஓர் அடையாளம், அவ்வளவே.

தமிழ்நாட்டு உப்பிற் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களில் விளைவது. பிரான்சு நாட்டுக் கெராந்து உப்பளத்தார் தம் உப்பைத் தம் ஊர்ப்பெயரோடுதான் பொதிவர். ஐரோப்பிய உணவகத்தார் அப்பெயரை உணவுப்பட்டியலில் எடுத்தெழுதுவர். தூத்துக்குடி உப்போ மூட்டையில் ஏறியதும் பெயரற்ற வெண்பொடி! மீனின் நிலையும் அதுவே. தூத்துக்குடியினின்று இறாலும் கணவாயும் உறைபனியில் உறைந்து ஐரோப்பாவிற்கும் சப்பானுக்கும் செல்கின்றன. அங்கு உண்பார்க்கு அவை எக்கரையில் எவர் வலையில் பட்டவை எனத் தெரிவதில்லை.

வெளிநாடு கிடக்கட்டும். தமிழ்நாட்டு நகரங்களிலேயே கடலுணவு விற்கும் உணவகத்துப் பட்டியலைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும். இறால் அங்குப் 'பிரான்' ஆகிக் கிடக்கிறது. கணவாய் 'கலமாரி' ஆகிக் கிடக்கிறது. சிங்கி இறால் 'இலாப்சுடர்' ஆகிவிட்டது. சூரை 'டூனா' ஆகிவிட்டது. சோறு என்று சொல்ல நாக்கூசி 'ரைசு' என்கின்றனர். கரையில் ஏலம் கூறும் பரதவர் வாயில் சீலாவும் ஊளியும் விளையும் பாறையும் நெத்திலியும் சாளையும் உயிரோடு துள்ளுகின்றன. அம்மீன் உணவகத்துக் கதவைத் தாண்டியதும் தன் பெயரை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது! சங்கக் காலத்துச் சிறுபாணாற்றுப்படை, நெய்தல் நிலத்தில் பாணர் பெறும் உலர்ந்த குழல்மீன் சூட்டைப் பெயர்சுட்டிச் சொல்கின்றது. பாணர்க்குத் தெரிந்த மீன்பெயர் அவர் வழிவந்தார்க்குத் தெரியவில்லை.

இங்கு ஒரு தடை எழுப்புவார் உண்டு. "சப்பானியரும் பிறமொழிச் சொல்லைக் கடன்வாங்கினவர்தாமே? அவர்தம் புகழ்பெற்ற தெம்புராவே போர்த்துகீசியச் சொல்லன்றோ?" என்பர். உண்மைதான், போர்த்துகீசியரோடு சென்ற பொரியல் அது. அந்தப் போர்த்துகீசியர் சப்பானுக்கு மட்டும் சென்றவரல்லர். முத்துக்குளித்துறைக்கும் வந்தவர். சவேரியார் 1542-இல் இம்முத்துக் கரைக்கு வந்து மணப்பாட்டிலும் பிற ஊர்களிலும் தங்கிப் பணியாற்றினார். 1549-இல் அவரே சப்பானின் ககோசிமாவில் கரையிறங்கினார். ஒரே காற்று இரு கரையிலும் வீசிற்று. அக்காற்றில் தமிழ்க்கரைக்குச் சாவி வந்தது, அலமாரி வந்தது, தூத்துக்குடியின் மக்ரூனும் அக்காலத்தோடு சேர்த்தே சொல்லப்படுகின்றது. வாதுமைக்கு மாற்றாக முந்திரியை இட்டு அதனைத் தம்முடையதாக்கிக்கொண்டனர் தூத்துக்குடியார்.

வந்த பொருளுக்கு வந்த பெயர் ஒட்டிக்கொள்வது ஒருவகை. இருந்த பொருளின் இருந்த பெயரைத் துரத்துவது வேறுவகை. முன்னது கொள்வினை, பின்னது தற்கொலை! சப்பானியர் வந்த சொல்லைக் கொண்டனர். ஆயினும், பெரும்பாலும் அதனைக் கத்தக்கானா என்னும் தனியெழுத்து வகையில் எழுதி, இது வெளியினின்று வந்தது என்னும் நினைவை அழியாமல் வைத்தனர். தொல்காப்பியரும் வடசொல்லை ஏற்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தில் ஏற்குமாறு நெறி வகுத்தார். கடனைக் கடனென்று எழுதி வைப்பவர் வணிகர். கடனை வருவாய் என்று எண்ணுபவர் பேதையர். தமிழர் மக்ரூனுக்குப் பெயர் மாற்றுவதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். முதற்கண், இறாலுக்கு இறால் என்னும் பெயரை மீட்கட்டும்!

மற்றொரு தடை, "சப்பானியர் செல்வர், செல்வம் முன்சென்றது, சொல் பின்சென்றது, ஏழைத் தமிழர்க்கு இஃது இயலுமா?" என்பது. உலகச் சந்தை சப்பானியர் கைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கேடா தம் மொழியில் பெயரிட்டுவிட்டார் என்பதை இவர் எண்ணுவதில்லை. அன்றியும், கைத்திறனில் தமிழர்க்குக் குறையொன்றுமில்லை. 1983-க்குப் பின் ஏதிலியராய்ப் பாரிசு சென்ற ஈழத்தமிழர் பலர், அந்நகரத்து உணவகங்களின் அடுக்களைகளில் உழைத்து உயர்ந்தனர். 2023-இல் பாரிசு மாநகராட்சி நடத்திய 'பகெத்து' ரொட்டிப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் ஈழத்தில் பிறந்த தர்சன் செல்வராசா. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் சிறப்பு அவர்க்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரரின் உயிருணவைப் பிரெஞ்சுக்காரரினும் செம்மையாகச் சுடும் கை தமிழ்க்கை! அக்கை தன் உணவைத் தன் பெயரோடு பரிமாறினால் உலகம் ஏற்காதா?

ஏற்கும், ஏற்றும் இருக்கின்றது. திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பகுதியினின்று சென்ற விசயகுமார், நியூயார்க்கு நகரில் 2021-இல் திறக்கப்பெற்ற 'செம்ம' உணவகத்தில், வயல்நத்தையைச் சமைத்து 'நத்தைப் பிரட்டல்' என்றே பட்டியலில் எழுதினார். உழவர் குடிலின் உணவு அது. ஊரில் சொல்ல நாணும் உணவு அது. 2022-இல் அவ்வுணவகத்திற்கு மிசெலின் விண்மீன் கிடைத்தது. 2025-இல் அந்நாட்டுச் சமையற்கலைப் பரிசாகிய சேம்சு பியர்டு பரிசை அவர் பெற்றார். வேட்டி கட்டிச் சென்றே பெற்றார். பிரட்டல் என்னும் சொல்லை ஒலிக்க அமெரிக்கர் கற்றுக்கொண்டனர். கற்றுக்கொள்ள மாட்டார் என்று ஊரிலிருந்தே தீர்ப்புச் சொன்னவர் தமிழர்தாம்!

சாகுபுரத்துச் சுற்றுப்புறமே இதற்கு மற்றொரு சான்று தருகின்றது. அருகிலுள்ள ஆத்தூரின் வெற்றிலையும் உடன்குடியின் பனங்கருப்பட்டியும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. ஊர்ப்பெயரும் பொருட்பெயரும் தமிழாகவே நின்று சட்டக் காப்பு எய்தின. வெற்றிலைக்கும் கருப்பட்டிக்கும் திறந்த வழி உப்புக்கும் மீனுக்கும் அடைபட்டதன்று.

ஆகலின், செய்ய வேண்டியவை எட்டாக்கனிகள் அல்ல. கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலிலும் பெரிதாகவும் நிற்க வேண்டும் என்னும் விதி தமிழ்நாட்டில் உண்டு. அவ்விதி பலகையோடு நில்லாமல் உள்ளேயிருக்கும் உணவுப்பட்டியலுக்கும் செல்லட்டும். மீன்பெயர் தெரிந்த பரதவ முதியோர் வாயினின்று அப்பெயர்களைக் கல்லூரி மாணவர் தொகுத்து எழுதட்டும். சமையற்கலைக் கல்லூரிகள் மடைநூல்களைத் தமிழில் ஆக்கட்டும். வெளிநாட்டிற்கு மீன் விடுப்பார், பொதியின்மேல் இறால் எனத் தமிழெழுத்தில் ஒருசொல் பொறிக்கட்டும். அதற்கு ஆகும் செலவு மையின் செலவே. இலண்டனிலும் பாரிசிலும் கடைநடத்தும் தமிழர், 'இந்திய உணவு' என்னும் பொதுப்போர்வைக்குள் தம் அடிசிலை ஒளித்து வைக்காமல், தமிழ் உணவகம் என்று முகப்பில் எழுதட்டும். உணவகம், தேநீர், அடுமனை, இனிப்பகம் என்னும் சொற்களைக் கேட்டு ஒருகாலத்தில் நகைத்தோர் உண்டு. இன்று அச்சொற்கள் ஊர்தோறும் பலகையேறி நிற்கின்றன. நகைத்தோரே அவற்றின் கீழ் நின்று தேநீர் அருந்துகின்றனர்.

முத்துக்கரை ஏற்கெனவே ஒரு பாடம் கற்றது. சப்பானில் மிக்கிமோட்டோ 1893-இல் வளர்ப்பு முத்தை உண்டாக்கி, 1913-இல் இலண்டனில் தம் பெயரால் கடை திறந்தார். தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு ஓய்ந்தது. 1973-இல் தூத்துக்குடிக் கடல்மீன் ஆய்வாளர் வளர்ப்பு முத்தை ஆக்கிக் காட்டியும், உலகம் முத்தென்றால் மிக்கிமோட்டோ என்றது. கொற்கை என்று சொல்லவில்லை. முத்தின் பெயர் போயிற்று. இனி மீனின் பெயரும் உப்பின் பெயரும் எஞ்சியுள்ளன. அவற்றையும் கைவிட்டபின், எதோவின் முன்கடல் இலண்டனில் வாழும். கொற்கையின் முன்கடல் கொற்கையிலும் வாழாது.

கடல் தமிழரைக் கைவிடவில்லை. நாளும் மீன் தருகின்றது, உப்புத் தருகின்றது. தருவதை வாங்கும் கைக்கு, அதன் பெயரைச் சொல்லும் வாயும் வேண்டும். தமிழர் வாய் திறக்கட்டும்! இறால் இறாலாகுக! சோறு சோறாகுக!